ஓசி மின்சார டெமோ வந்தால் எப்படிச் சரிபார்ப்பது: முழுமையான வழிகாட்டி

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் வீடியோதான். ஒரு மோட்டார், பெல்ட் போட்ட கனமான சக்கரம், அதிலிருந்து ஓர் ஆல்டர்னேட்டர் (சுற்றினால் மின்சாரம் தருவது). ஆல்டர்னேட்டரின் மின்சாரமே திரும்ப மோட்டாருக்குப் போகிறதாம், மிச்சத்தில் நாலு பல்பு எரிகிறதாம். அனுப்புகிறவர் கேட்பது ஒன்றுதான்: "இது நிஜமா சார்?" அதற்கு அடுத்து, "மாமா இதில் இரண்டு லட்சம் போடலாம்னு இருக்கார்."

இப்படி வருகிறவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். எடுத்த எடுப்பில் ஒயர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். ஒரு கல்லூரிக் கண்காட்சியில் ஒரு பையன் "மேசைக்கு அடியில் ஒயர் போகுது" என்று அடித்துச் சொன்னான். டெமோ காட்டியவர் மேசையைத் தூக்கிக் காட்டினார், ஒயர் இல்லை, கூட்டம் கைதட்டியது, கதை முடிந்தது. மேசைக்கு அடியில் ஒயர் இல்லை என்பதால் அந்த மெஷின் மின்சாரம் தயாரித்தது என்று ஆகிவிடாது. ஆனால் அந்தப் பையன் தோற்றுவிட்டான், பந்தயத்தைத் தப்பான இடத்தில் கட்டியதால்.

தந்திரத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. என்ன அளந்தார்கள், என்ன அளக்கவில்லை, எதை எழுதி வைக்கவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக முதல் மூன்றை வீடியோவை முழுதாகப் பார்ப்பதற்கு முன்பே, அல்லது நேரில் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பல்பு எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகு கணக்குப் போட யாருக்கும் மனம் வராது.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

ஒரு நோட்டு, கால்குலேட்டர், நாலைந்து எண்கள். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.19 ஜூல். கொதிக்கும் தண்ணீர் ஒரு கிராமை ஆவியாக்க சுமார் 2257 ஜூல். ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட்.

நேரில் போவதாக இருந்தால் இவற்றோடு வீட்டு மின்மீட்டர் ஒன்று, எடை பார்க்கும் தராசு, ஒரு பிளாஸ்டிக் டிரம், இரண்டு தெர்மாமீட்டர். இதற்கு மேல் கருவி வேண்டாம். விலை உயர்ந்த கருவிகள்தான் பல டெமோக்களில் ஆட்களைக் குழப்பியிருக்கின்றன, அதற்கு 5, 6-ஆம் படிகளில் வருகிறேன்.

1. சொல்வது என்ன என்று எண்ணோடு ஒரே வரியில் எழுதுங்கள்

"தானாக ஓடும் ஜெனரேட்டர்" என்று எழுதினால் அதைச் சரிபார்க்க முடியாது. "மணிக்கு இவ்வளவு யூனிட் உள்ளே போகிறது, இவ்வளவு வெளியே வருகிறது, இத்தனை மணி நேரம் ஓடுகிறது" என்று எழுதுங்கள். மூன்று இடத்தில் எண் வேண்டும்.

வீடியோவில் எண் இல்லையா? அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கோடு போடுங்கள், நீங்களாக நிரப்பாதீர்கள். "ஒரு 500 வாட் இருக்கும்போல" என்று ஊகித்து எழுதினால் அரை மணி நேரம் கழித்து அது ஊகம் என்பதே மறந்துபோய், டெமோக்காரர் சொல்லாததை நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், பேச்சுவாக்கில் சொல்வது நழுவிக்கொண்டே போகும். காலையில் "பெட்ரோலே வேண்டாம்", மதியம் "பெட்ரோல் மிச்சமாகும்", சாயங்காலம் "இது ஒரு மாதிரி வடிவம்தான்".

2. சாதனத்தைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள்

காகிதத்தில் சாதனத்தை வரைந்து சுற்றிலும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைத் தாண்டி உள்ளே போவது, வெளியே வருவது எல்லாவற்றுக்கும் ஓர் அம்புக்குறி: ஒயர்கள் (எர்த் ஒயரும் சேர்த்து), குழாய், பெல்ட், மேசைக் கால், மனிதக் கை. ஒவ்வோர் அம்புக்குறிக்கும் பக்கத்தில் "அளந்தார்கள்" அல்லது "அளக்கவில்லை".

1813-இல் நியூயார்க்கில் ரெட்ஹெஃபர் என்பவர் காட்டிய, எரிபொருளே இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்குமாம் என்ற நிரந்தர இயந்திரத்தைப் பார்க்க, நீராவிப் படகால் பெயர்பெற்ற பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் போனார். சக்கரம் சீராகச் சுற்றாமல் கூடியும் குறைந்தும் சுற்றுவதைக் கவனித்து, தாங்கு பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தால் குடல்நாரில் செய்த ஒரு வார் சுவருக்குள் போகிறது. அது போய்ச் சேர்ந்த மாடியறையில் ஒரு கிழவர் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஃபுல்டன் மாதிரி பலகையைப் பெயர்க்க நமக்கு யாரும் அனுமதி தரப்போவதில்லை. கட்டம் போட்டிருந்தால், தாங்கு பலகை என்ற அம்புக்குறி அளக்கப்படாமல் நிற்கிறது என்பதாவது தெரியும்.

புதியவர்கள் இங்கே விடும் பிழை: பேட்டரியைக் கட்டத்துக்குள் வைத்துவிடுவது. "அது ஸ்டார்ட் பண்ண மட்டும்தான் சார்" என்றால், ஸ்டார்ட் ஆனதும் கழற்றச் சொல்லுங்கள். 2009 டிசம்பரில் டப்ளினில் ஸ்டீயோர்ன் நிறுவனம் தன் 'ஆர்போ' சாதனத்தைக் காட்டியபோது அது பேட்டரியோடுதான் ஓடியது. சாதனமே பேட்டரியைச் சார்ஜ் செய்துகொள்கிறது என்றார்கள். உண்மையிலேயே சார்ஜ் செய்கிறது என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கப்பாசிட்டர் (கொஞ்ச நேரத்துக்கான மின்சாரம் மட்டுமே தேங்குவது) வைத்து ஓட்ட வேண்டியதுதானே.

3. உள்ளே எவ்வளவு ஆற்றல் ஒளிந்திருக்க முடியும் என்று கணக்கிடுங்கள்

எங்கே ஒளித்தார்கள் என்று கேட்காதீர்கள், எவ்வளவு ஒளிக்க முடியும் என்று கேளுங்கள். விரல் நீள லித்தியம் செல் ஒன்றில் சுமார் 9 வாட்-மணி இருக்கும், அதாவது ஒரு 9 வாட் எல்இடி பல்பு ஒரு மணி நேரம் எரியும். பத்து நிமிட வீடியோவுக்கு அதில் ஆறில் ஒரு பங்கு போதும். யுபிஎஸ்-இல் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி.

கனமான சக்கரத்தைப் பற்றித்தான் எல்லோருக்கும் பெரிய மயக்கம். 20 கிலோ எடை, 50 சென்டிமீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 1500 சுற்று என்று வைத்துக்கொண்டால் அதில் தேங்கியிருப்பது ஏறக்குறைய 7,700 ஜூல். 100 வாட் பல்பு போட்டால், உராய்வே இல்லாவிட்டால்கூட, 77 நொடியில் தீர்ந்துபோகும். சக்கரம் வைத்த வீடியோக்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகு எத்தனை நொடி காட்டுகிறார்கள் என்று ஒருமுறை நேரம் பார்த்துவிடுங்கள்.

பொதுக் கணக்கு இது. பெட்டியின் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று பாருங்கள், ஒரு லிட்டருக்கு 500 வாட்-மணி என்று பெருக்குங்கள். லித்தியம் செல்லை முழுக்க அடைத்தால் தாராளமாக அவ்வளவு பிடிக்கும். 6 லிட்டர் பெட்டி என்றால் 3 யூனிட், 100 வாட் 30 மணி நேரம். டெமோ அதைத் தாண்டி, அதுவும் ஆள் மாறி ஆள் காவல் இருந்து, பல மடங்கு நேரம் ஓடினால்தான் அடுத்த படிக்குப் போவதில் அர்த்தம். பல டெமோக்கள் இங்கேயே நின்றுவிடும், நீங்களும் நிறுத்திக்கொள்ளலாம்.

4. உள்ளே போகும் மின்சாரத்தை யூனிட்டில் கேளுங்கள்

ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரைக் காட்டி "பாருங்க, அரை ஆம்பியர்தான்" என்பார்கள். அந்த ஒரு நொடியின் ஆம்பியர் உங்களுக்கு வேண்டாம். சுவர் பிளக்கில் ஒரு மின்மீட்டரை மாட்டி, தொடக்கம் முதல் கடைசி வரை எத்தனை யூனிட் ஓடியது என்று கேளுங்கள். சூடேற்றும் நேரமும் அதில் சேர வேண்டும், பலர் அதைக் கழித்துவிடுகிறார்கள்.

கிளாம்ப் மீட்டரை ஏன் நம்பக்கூடாது? சாதாரண கிளாம்ப் டிசி மின்சாரத்தைப் பார்க்கவே பார்க்காது. டிம்மர் மாதிரி அலையை வெட்டிக் கொடுக்கும் சர்க்கியூட் இருந்தால் மலிவு மீட்டர் தப்பான எண்ணைக் காட்டும். மூன்று ஃபேஸ் இணைப்பில் ஒரு கிளாம்ப்பைத் திருப்பி மாட்டினால் பவர் அனலைசர் அந்த ஃபேஸைக் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிடும். இதெல்லாம் நேர்மையான ஆளுக்கும் நடக்கும்.

வெளியே வரும் மின்சாரத்திலும் இதே வியாதி உண்டு. ஒரு மாணவர் குழு ஆல்டர்னேட்டரில் லோடு இல்லாமல் 230 வோல்ட் எடுத்தது, அப்புறம் இரண்டு முனையையும் ஷார்ட் செய்து 6 ஆம்பியர் எடுத்தது, இரண்டையும் பெருக்கி 1380 வாட் என்று போஸ்டரில் பெரிதாக எழுதிவிட்டது. மோட்டாருக்குப் போனது 750 வாட். நிஜமாக 200 வாட் பல்பு ஒன்றை மாட்டியதும் பெல்ட் முனகியது, வோல்ட்டேஜ் விழுந்தது. அந்தப் பிள்ளைகள் ஏமாற்றவில்லை, அவர்களுக்கே அது அதிர்ச்சிதான். வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில், ஒரே லோடில் எடுத்தால்தான் பெருக்கலாம்.

5. வெளியே வருவது வெப்பம் என்றால், கொதிக்க விடாதீர்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். பெரிய படிப்பு படித்தவர்களும் சறுக்கிய இடம் இது.

2011 ஜனவரியில் இத்தாலியின் பொலோன்யாவில் ஆந்த்ரேயா ரோஸியும் இயற்பியல் பேராசிரியர் செர்ஜோ ஃபோகார்டியும் 'ஈ-கேட்' என்ற சாதனத்தைக் காட்டினார்கள். நிக்கல் தூளும் ஹைட்ரஜனும் சேர்ந்து அணுக்கரு அளவிலான வெப்பம் தருகிறது என்பது அவர்கள் சொன்னது. சுமார் 1 கிலோவாட் மின்சாரம் உள்ளே. 15 டிகிரித் தண்ணீர், எடைபோட்டுப் பார்த்ததில் 30 நொடிக்கு சுமார் 146 கிராம். வெளியே 101 டிகிரி நீராவி. முடிவு: 12 கிலோவாட்டுக்கும் மேல்.

கணக்கை நீங்களே போடுங்கள். நொடிக்கு 4.87 கிராம். அதை 15-இலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 1.7 கிலோவாட். முழுவதையும் ஆவியாக்க இன்னும் 11 கிலோவாட். மொத்தம் 12.7. ஆக அந்தப் பெரிய எண்ணில் 11 கிலோவாட் "எல்லாத் தண்ணீரும் ஆவியாகிவிட்டது" என்ற ஒரே வாக்கியத்தின் தோளில் ஏறி நிற்கிறது. அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் என்ன? குழாயில் செருகிய ஒரு ஈரப்பத மானி. காற்றில் கலந்த நீராவியை அளக்கும் கருவி அது, ஆவியோடு சேர்ந்து வரும் தண்ணீர்த் துளியை அதனால் எடைபோட முடியாது.

101 டிகிரி இருந்ததே? அழுத்தம் நாலு சதவீதம் கூடினாலே தண்ணீர் 101 டிகிரியில்தான் கொதிக்கும். கண்ணுக்கு எல்லாம் ஆவியாகத் தெரிந்ததே? நீராவி தண்ணீரைவிட சுமார் 1670 மடங்கு இடம் பிடிக்கும். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் ஆவியாகி மீதி 95 பங்கு தண்ணீராகவே வந்தாலும், குழாயின் இடத்தில் 98 சதவீதத்துக்கு மேல் ஆவிதான் நிரம்பியிருக்கும். இட்லிப் பானையைத் திறந்தவுடன் சமையலறையே மறைகிறதே, அதில் எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று யோசியுங்கள்.

இங்கே அவசரக்காரர்கள் ஒரு தப்புச் செய்வார்கள்: "அப்போ கப்சா, வெறும் 1.7 கிலோவாட்தான்" என்று முடிவு எழுதிவிடுவார்கள். உள்ளே போனது 1 கிலோவாட் என்றால் 1.7-கூட அதிகம்தான். அதற்கும் சேர்த்து நீங்கள் கேட்க வேண்டியது வேறு: 30 நொடி எடைக்குப் பதில் ஓட்டம் முழுவதற்கும் மொத்தத் தண்ணீர் எவ்வளவு, மொத்த யூனிட் எவ்வளவு.

சரி, எப்படி அளந்திருக்க வேண்டும்? இரண்டு வழி, இரண்டும் மலிவு. ஒன்று, தண்ணீர் ஓட்டத்தைக் கூட்டிவிடுவது. நிமிடத்துக்கு 4 லிட்டர் விட்டால் 12.7 கிலோவாட் அதை 15-இலிருந்து 60 டிகிரிக்குத்தான் கொண்டுபோகும். கொதிப்பு இல்லை, ஆவி இல்லை, சண்டையும் இல்லை. இப்படி ஒரு 18 மணி நேர ஓட்டம் நடந்ததாகப் பின்னால் சொன்னார்கள், பதிவுகளோடு கூடிய முழு அறிக்கையைத்தான் வெளியிடவில்லை. இரண்டு, குழாய் முனையை 100 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் உள்ள டிரம்மில் ஐந்து நிமிடம் முக்குவது. 12.7 கிலோவாட் நிஜம் என்றால் டிரம் ஏறக்குறைய 9 டிகிரி ஏறும். வெறும் கொதிநீர் என்றால் ஒரு டிகிரி சொச்சம். வீட்டுத் தெர்மாமீட்டருக்கே வித்தியாசம் தெரியும்.

தெர்மாமீட்டர் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2011 அக்டோபரில் அதே ஈ-கேட்டில் வெப்பமாற்றி (நீராவியின் சூட்டை வேறு தண்ணீருக்கு மாற்றுவது) வைத்து நடத்திய சோதனையில், தண்ணீர் வெளியேறும் பக்கத்துத் தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் ஒயர் முனை) சூடான நீராவி நுழையும் உலோகத்துக்கு அருகிலேயே இருந்தது. தண்ணீரின் சூடா, உலோகத்தின் சூடா என்று அதற்குத் தெரியாது. கொஞ்ச தூரம் தள்ளி, ரப்பர் குழாய்க்கு உள்ளே, தண்ணீருக்குள் வைத்திருந்தால் போதும்.

6. வெறும் ஓட்டம் ஒன்று கேளுங்கள்

அதே சாதனம், அதே ஒயர், அதே மீட்டர், ஆனால் அந்த 'மாயப் பொருள்' மட்டும் இல்லாமல். அதே சூட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கருவியில் பிழை இருந்தால் இரண்டு ஓட்டத்திலும் வரும், அதனால் கருவி என்ன பிழை செய்கிறது என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே போய்விடும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படிகளையும்விட இது ஒன்றுக்கு மதிப்பு அதிகம்.

"அதே சூட்டில்" என்பதை அழுத்திச் சொல்லுங்கள். 2014-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஈ-கேட்டை 32 நாள் ஓட்டி, போட்டதுபோல மூன்று மடங்குக்கும் மேல் வருகிறது என்று அறிக்கை கொடுத்தார்கள். வெறும் ஓட்டம் நடத்தினார்கள்தான், ஆனால் சுமார் 450 டிகிரியில். நிஜ ஓட்டம் 1200 டிகிரிக்கு மேல் என்று சொல்லப்பட்டது. சூட்டை அளந்தது வெப்பக் கேமரா. சாதனத்தின் வெளிப்புறமான அலுமினா (ஒரு வகைப் பீங்கான்) எவ்வளவு ஒளிர்கிறது என்பதற்கு எல்லா அலைநீளத்துக்குமான சராசரி எண்ணைக் கேமராவில் கொடுத்தார்கள், அந்தக் கேமராவோ 7.5 முதல் 13 மைக்ரான் வரை மட்டும் பார்ப்பது. அந்தப் பகுதியில் அலுமினா அந்தச் சராசரியைவிட மிக நன்றாக ஒளிரும். சரியான எண்ணைப் போட்டுப் பார்த்த விமர்சகர்களுக்குச் சூடும் இறங்கியது, உபரியும் ஏறக்குறைய காணாமல் போனது. 1200 டிகிரியில் வெறும் ஓட்டம் ஒன்று இருந்திருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது. 32 நாளில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

7. யார் கை எங்கே இருந்தது என்று எழுதுங்கள்

ஒரு பட்டியல்: சாதனத்தைச் செய்தது யார், இயக்கியது யார், மீட்டர் யாருடையது, பொருளை உள்ளே வைத்ததும் எடுத்ததும் யார், வாங்குகிறவர் யார். எல்லா இடத்திலும் ஒரே பெயர் வந்தால் பல சாட்சிகள் இருந்தும் அது ஒரே ஆளின் வார்த்தைதான். லுகானோவில் பேராசிரியர்கள் இருந்தார்கள், தூளை உள்ளே போட்டதிலும் வெளியே எடுத்ததிலும் ரோஸியின் கை இருந்தது.

நம்மூரில் இதற்குப் பெரிய பாடம் 1996-இன் மூலிகைப் பெட்ரோல். ராமர் பிள்ளை பாத்திரத்தில் தண்ணீரும் மூலிகையும் போட்டுக் கலக்க, மேலே எரிபொருள் மிதந்தது. எல்லோரும் மூலிகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலக்கிய குச்சிக்குள் எரிபொருள் வைத்து மெழுகால் அடைத்திருந்ததாகப் பின்னால் வெளிவந்தது. சிபிஐ தொடர்ந்த வழக்கில் 2016-இல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. குச்சியைச் சந்தேகிக்கும் புத்திக்கூர்மை நமக்கு வேண்டாம். பாத்திரம், தண்ணீர், குச்சி எல்லாம் நாங்கள் கொண்டுவந்ததாக இருக்கும், முன்னும் பின்னும் எல்லாவற்றையும் எடைபோடுவோம் என்று ஒரு நிபந்தனை போதும்.

வாடிக்கையாளர் யார் என்பதையும் விடாதீர்கள். ரோஸியின் ஒரு மெகாவாட் ஆலை ஃபுளோரிடாவில் ஓராண்டு ஓடி ஒரு நிறுவனத்துக்கு நீராவி கொடுத்ததாகச் சொல்லப்பட்டது. 2016-இல் பணத் தகராறு நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்த வாடிக்கையாளர் நிறுவனத்தின் தலைவர் ரோஸியின் வழக்கறிஞரே என்பது ஆவணங்களில் வந்தது. வழக்கு அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

8. நேரில் போனால் கேட்க வேண்டியதும் வாயை மூட வேண்டியதும்

போகும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: எங்கள் மின்மீட்டர் மாட்டலாமா, டிரம் வைக்கலாமா, வெறும் ஓட்டம் உண்டா, எத்தனை மணி நேரம். இந்த நாலில் எதுவுமே சாதனத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அதனால் "ரகசியம், வெளியே சொல்ல முடியாது" என்ற பதில் இங்கே செல்லாது. பெட்டியைப் பூட்டியே வைத்துக்கொள்ளட்டும்.

போன இடத்தில் விவாதம் வேண்டாம். "இது வெப்ப இயக்கவியலுக்கு விரோதம்" என்று ஆரம்பித்தால் "ரைட் சகோதரர்களையும் இப்படித்தான் சிரித்தார்கள்" என்று பதில் வரும், அரை மணி நேரம் போகும், மீட்டர் எண்ணைக் குறிக்க மறந்துவிடுவீர்கள். கேளுங்கள், எழுதுங்கள், நேரம் போடுங்கள், மீட்டரைப் படம் எடுங்கள்.

காப்புரிமை எண்ணைக் காட்டினால் அது விண்ணப்ப எண்ணா, வழங்கப்பட்ட எண்ணா என்று பாருங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 3(a) பிரிவின்படி, நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணான எதுவும் கண்டுபிடிப்பாகவே கருதப்படாது. வழங்கப்பட்டிருந்தாலும்கூட, அந்தக் காகிதம் மின்மீட்டர் காட்டிய எண்ணுக்கு ஈடாகாது.

9. முடிவை எப்படி எழுதுவது

"மோசடி" என்று எழுதாதீர்கள். அது அவர் மனதில் என்ன இருந்தது என்பதைப் பற்றிய குற்றச்சாட்டு, உங்களிடம் அதற்கு ஆதாரம் இல்லை, வக்கீல் நோட்டீஸும் வரலாம். "வேலை செய்யாது" என்றுகூட எழுத வேண்டாம். இப்படி எழுதுங்கள்: "நீராவி முழுவதும் உலர்ந்தது என்பதற்கு அளவீடு இல்லை. வெறும் ஓட்டம் இல்லை. மொத்த யூனிட் பதிவு செய்யப்படவில்லை. ஆகவே 12 கிலோவாட் என்ற எண் நிறுவப்படவில்லை." யாராலும் இதை மறுக்க முடியாது, மறுக்க வேண்டுமானால் அந்த அளவீட்டைக் கொண்டுவந்தாக வேண்டும்.

மாமாவிடம் சொல்லும்போது மட்டும் இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம்: "மாமா, ஒரு மின்மீட்டரும் ஒரு டிரம்மும் வைக்க விடச் சொல்லுங்க, விட்டாங்கன்னா நானும் கூட வரேன். அதுவரைக்கும் செக் புக் வீட்டுலயே இருக்கட்டும்." இதுவரை டிரம் வைக்க அழைப்பு வந்ததில்லை. வந்தால் அதே நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, முதல் படியிலிருந்து, பழைய முடிவைப் பார்க்காமல் தொடங்குவேன்.